பட்டியலில் இல்லாத கார்

கம்பெனி எது, மாடல் எது, எந்த வருடத்து வண்டி? காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போகும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இந்த மூன்றும்தான். கணினித் திரையில் ஒரு பட்டியல் விரியும். அதில் ஒரு பெயரைத் தொட்டால் அடுத்த பட்டியல் விரியும். சில நிமிடங்களில் பிரீமியம் இவ்வளவு என்று வந்து நிற்கும்.

இங்கிலாந்தில், பாகங்களாக வாங்கி ஒரு வீட்டு கேரேஜில் கட்டி முடித்த கிட் காருக்கு இந்த மூன்றில் ஒன்றுக்கும் நேரான பதில் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸும் பழைய ஃபோர்டு சியராவில் இருந்து கழற்றியவை. சேஸிஸ், சதுர இரும்புக் குழாய்களை அறுத்து வீட்டுக்காரரே வெல்டிங் வைத்தது. மூக்குப் பகுதியும் மட்கார்டுகளும் ஃபைபர் கிளாஸ்; சின்னக் கம்பெனி ஒன்றிடம் வாங்கியவை. சீட்டு வேறொரு காருடையது. இதைத் தயாரித்தது யார் என்று கேட்டால், ஸ்பேனரும் கையுமாக நிற்கும் அந்த மனிதரைத்தான் காட்ட வேண்டும். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இருந்தாலும் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. 1930-இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருந்து பிரிட்டனில் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். தொழிற்சாலையில் இருந்து வந்ததா, வீட்டில் கட்டியதா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. மோதினால் அடிபடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பெனி இல்லாத காருக்கு யார் மதிப்புப் போடுவது, யார் பொறுப்பேற்பது என்ற சிக்கலுக்கு அந்த நாடு பல ஆண்டுகளில் நிதானமாக ஒரு வழி கண்டிருக்கிறது. அந்த வழியில் காரின் மதிப்பைக் கடைசியில் தாங்கி நிற்பது, அதைக் கட்டியவர் சேர்த்து வைத்த ரசீதுகளும் புகைப்படங்களும், அவர் மறைக்காமல் சொன்ன விவரங்களும்தான்.

வரியில் பிறந்த வழக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி கடுமையாக இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் இந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். 1957-இல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் செவன், தேவையற்ற எதையும் சுமக்காத இரண்டு இருக்கை வண்டி. வாங்கியவர்களில் பலர் அதைப் பெட்டிகளில் வாங்கி வீட்டில் பூட்டினார்கள். பூட்டும் முறையை விளக்கும் கையேட்டைச் சேர்த்துக் கொடுத்தால் வரி விதிக்கப்படும் என்பதால், சாப்மன் கழற்றும் முறையை விளக்கும் கையேட்டைக் கொடுத்தார் என்றும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்தில் இருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக் காரைக் கட்டினார்கள் என்றும் ஒரு கதை இன்றுவரை சொல்லப்பட்டு வருகிறது.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. கிட் காருக்கு இருந்த லாபமும் அதோடு போயிற்று. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கிரஹாம் நியர்ன் நடத்திய கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அரை நூற்றாண்டு கழிந்தும் கேட்டர்ஹாம் செவனைக் கிட்டாக வாங்க முடிகிறது. வரி மிச்சம் இல்லாதபோதும் மக்கள் வாங்குகிறார்கள் என்றால், கையால் கட்டும் ஆசை வரிக்கு வெளியேயும் இருந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

கையில் காசு குறைந்தவர்களுக்கு வேறு பாதை திறந்தது. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம் ஒன்று, வெறும் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே அறிவித்தது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கிக் கழற்றி, இரும்புக் குழாய் சேஸிஸைத் தானே வெல்டிங் வைத்து, செவனின் சாயலில் ஒரு வண்டியைக் கட்டும் முறையை அது படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தது. அந்த வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அட்லாண்டிக்குக்கு அப்பால் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964-இலேயே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் இயந்திர பாகங்களை வைத்து 'மேயர்ஸ் மேங்க்ஸ்' என்ற ஃபைபர் கிளாஸ் மணல் வண்டியை உருவாக்கியிருந்தார். அதைப் பார்த்துப் பலரும் நகலெடுக்க, மணல் வண்டி என்பதே தனி இனமாகிவிட்டது.

சோதனைக்கூடத்தில் ஒரு நாள்

இப்படி வீட்டுக்கு வீடு வேறு வேறு விதமாகக் கட்டிய வண்டிகளை எதை நம்பிச் சாலையில் விடுவது? இதற்கு பிரிட்டன் 1998-இல் ஒரு சோதனை முறையைக் கொண்டுவந்தது. 2009-இல் அதன் இடத்தில் வந்ததுதான் இப்போதைய ஐ.வி.ஏ. எனப்படும் தனி வாகன ஒப்புதல். பெரிய நிறுவனம் ஒரு மாடலுக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்கி லட்சம் கார் விற்கும். இங்கே ஒற்றை வண்டியை ஒற்றை ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தி ஒப்புதல் வாங்க வேண்டும்.

சோதனை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வண்டியின் வெளிப்புறத்தில் மனிதர் மேல் படக்கூடிய விளிம்புகள் கூர்மையாக இருக்கக் கூடாது. முனையின் வளைவு ஆரம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எந்த விளிம்பு 'படக்கூடியது' என்று பார்க்க 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையை வைத்து உரசிப் பார்க்கிறார்கள். அந்த உருண்டை தொடும் இடமெல்லாம் கணக்கில் வரும். சஸ்பென்ஷன் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு சின்ன பிராக்கெட்டின் ஓரம், கண்ணாடியைத் தாங்கும் தகட்டின் முனை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போல்ட்டின் தலை எதுவும் தப்பாது. கட்டுகிறவர்கள் போல்ட் தலைகளுக்கு பிளாஸ்டிக் மூடி போடுகிறார்கள். தகட்டு ஓரங்களுக்கு ரப்பர் பட்டை மாட்டுகிறார்கள். ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் பூட்டிய இடத்தின் உறுதி, புகை, விளக்குகளின் உயரம், சைலன்சர் சத்தம் என்று பரிசோதகரின் பட்டியல் நீள்கிறது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பரவாயில்லை.

முதல் முறையிலேயே தேறாமல் திரும்புவது இங்கே சாதாரணம். எவை எவை தவறு என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சரி செய்து மறுபடி கொண்டுபோகலாம். வருடக்கணக்கில் உழைத்த வண்டி ஒரு ரப்பர் பட்டைக்காகத் திரும்பி வரும்போது கட்டியவருக்கு மனம் சோரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கண்டிப்புதான் பின்னால் அவருக்குக் கை கொடுக்கிறது. அரசுப் பரிசோதகர் ஒருவர் இந்த ஒரு வண்டியைக் குனிந்து நிமிர்ந்து பார்த்துத் தந்த சான்றிதழைத்தான் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும்.

சான்றிதழோடு ஸ்வான்ஸியில் உள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால் பதிவெண் வரும். பாகங்கள் எல்லாம் புதியவையாக இருந்து அதற்கு ரசீதும் இருந்தால் அந்த ஆண்டுக்குரிய எண். எந்த வண்டியில் இருந்து எந்த பாகம் வந்தது, வயது என்ன என்று நிரூபிக்க முடியாத வண்டிக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண். கட்டுகிறவர்கள் அந்த கியூ எண்ணைத் தவிர்க்கப் படாதபாடு படுவார்கள். வாங்க வருகிறவருக்கு அது வண்டியின் பூர்வீகம் தெளிவில்லை என்று சொல்கிறது. சில காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கண்டால் தயங்குகின்றன. ரசீதைத் தூக்கி எறிந்ததன் விலை நம்பர் பிளேட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

யாரிடம் கேட்பது?

பிரிட்டனில் சாதாரணக் கார்களுக்குப் பிரீமியம் கணக்கிட 1 முதல் 50 வரை குழு எண் கொடுக்கும் முறை நெடுநாளாக இருந்து வருகிறது. மோதினால் உதிரிபாகம் என்ன விலை, பழுது பார்க்க எத்தனை மணி நேரம், புதுக் காரின் விலை என்ன, எவ்வளவு வேகம் போகும், திருட்டுத் தடுப்பு எப்படி என்று தொழிற்சாலைக் காரை ஆராய்ந்து இந்த எண்ணைத் தருகிறார்கள். ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் காருக்கு இந்த ஆராய்ச்சியை யாரும் செய்யப்போவதில்லை. குழு எண் இல்லை என்றால் கணினிக்குக் கணக்குத் தெரியாது. சாதாரண நிறுவனங்கள் "இந்த வண்டிக்கு எங்களால் முடியாது" என்று சொல்லிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அதனால் கிட் காருக்கென்றே இருக்கும் தரகர்களிடம் போக வேண்டும். அட்ரியன் ஃப்ளக்ஸ், ஃபுட்மன் ஜேம்ஸ் போன்றவர்கள் இந்தத் துறையில் அறியப்பட்ட பெயர்கள். இவர்களிடம் பேசும்போது கேள்விகளின் தினுசே மாறிவிடும். கிட் யாருடையது? எந்தக் காரில் இருந்து எஞ்சின் எடுத்தீர்கள்? எத்தனை சி.சி., எத்தனை குதிரைத் திறன்? சோதனை தேறிவிட்டதா? யார் கட்டியது? இரவில் எங்கே நிறுத்துவீர்கள்? தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறதா? வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுவீர்கள்? உரிமையாளர் சங்கம் எதிலாவது உறுப்பினரா?

கடைசி நான்கு கேள்விகளில்தான் பிரீமியத்தின் சூட்சுமம் இருக்கிறது. 500, 600 கிலோ எடையில் பந்தயக் கார் போல சீறும் வண்டிக்குப் பிரீமியம் எக்கச்சக்கமாக இருக்கும் என்று வெளியாள் நினைப்பார். நடுத்தர வயதைத் தாண்டிய, விபத்துப் பதிவு இல்லாத ஒருவர், பூட்டிய கேரேஜில் வைத்து, வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து, வருடத்துக்கு 3,000 மைலுக்குள் ஓட்டுவார் என்றால், அவருடைய தினசரிக் காரை விடவே கிட் காருக்குக் குறைவாகக் கேட்பதுண்டு. தானே கட்டிய வண்டியை ஒருவர் கண்ணைப் போல் பார்த்துக்கொள்வார் என்பது இந்தத் துறையின் நம்பிக்கை. அதே வண்டியை 21 வயது இளைஞர் தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறேன் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். பல இடங்களில் மறுப்புதான் வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிட் காருக்குக் காப்பீடு தொடங்குவது அது ஓடத் தொடங்கும் நாளில் அல்ல. ஆயிரக்கணக்கான பவுண்டு பெறும் பாகங்கள் கேரேஜில் பரப்பிக் கிடக்கும் மாதங்களில் தீயோ திருட்டோ வந்தால் என்ன செய்வது? வீட்டுப் பொருட்களுக்கான பாலிசி பொதுவாக மோட்டார் வாகனத்தையும் அதன் பாகங்களையும் சேர்ப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 'கட்டுமானக் கால' பாலிசி. பாகம் வாங்க வாங்க தொகையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். அடுத்தது சோதனை நாள். பதிவெண் இன்னும் வராத வண்டியை, முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் காப்பீடு வேண்டும். பதிவெண் இல்லாத வண்டிக்கு சேஸிஸ் எண்ணின் பேரில் குறுகிய காலத்துக்கு பாலிசி தருவார்கள். பதிவெண் வந்ததும் அதை மாற்றி எழுத வேண்டும். இந்த ஒரு சின்ன வேலையை மறந்தவர்களுக்குத் தொல்லை உண்டு. காப்பீட்டுத் தகவல் தொகுப்பில் அந்த எண் ஏறாமல் இருந்தால், போலீஸ் கேமராவுக்கு அது காப்பீடு இல்லாத வண்டி.

மதிப்பு என்னும் வழக்கு

நம் ஊரில் காப்பீட்டுக்காகக் காருக்குக் குறிக்கும் மதிப்பான ஐ.டி.வி. என்ற தொகை எப்படி வருகிறது? கம்பெனி சொல்லும் விலையில் இருந்து வயதுக்குத் தக்க தேய்மானத்தைக் கழிக்கிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, நான்கு முதல் ஐந்து வருடத்துக்கு 50 என்று அட்டவணையே இருக்கிறது. கம்பெனி விலை என்று ஒன்று இல்லாத காரில் எதில் இருந்து எதைக் கழிப்பது?

பிரிட்டனின் சாதாரண பாலிசிகளும் சந்தை மதிப்பைத்தான் தருகின்றன. விபத்துக்கு முந்தின நிமிடம் அந்த வண்டி சந்தையில் என்ன பெறுமோ அது. கிட் காரில் இது பெரும் சண்டையில் முடியும். பெயரளவில் ஒரே கிட்டில் கட்டிய இரண்டு வண்டிகளில் ஒன்று பழைய எஸ்கார்ட் எஞ்சினில் ஓடும்; இன்னொன்றில் புத்தம் புது எஞ்சினும் ஆறு கியரும் இருக்கும். மதிப்பீட்டாளர் விற்பனை விளம்பரங்களைப் புரட்டி முதல் வண்டியின் விலையை இரண்டாவதுக்குப் போட்டுவிட்டால் உரிமையாளர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்குத் தீர்வுதான் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி. வண்டி முழுதாக அழிந்தாலோ திருடு போனாலோ எவ்வளவு தருவது என்று பாலிசி போடும்போதே இரு தரப்பும் எழுதிவிடுகிறார்கள். கட்டியவர் நாலு பக்கமும் எடுத்த படங்கள், எஞ்சின் படம், உள்பகுதிப் படம், மீட்டர் அளவு, பாகங்களின் ரசீதுகள், சங்கத்தின் மதிப்பீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறார். நிறுவனம் பார்த்து ஒப்புக்கொண்டால் சான்று வரும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்து விட்டால் பல பாலிசிகளில் வண்டி ஓசையில்லாமல் சந்தை மதிப்புக்கு இறங்கிவிடும்.

இங்கேதான் பலருக்கு நெஞ்சு கனக்கும் ஓர் உண்மையும் இருக்கிறது. 20,000 பவுண்டுக்கு பாகம் வாங்கி, மூன்று குளிர்காலம் உழைத்துக் கட்டிய ஒரு காரை நினைத்துக்கொள்வோம். அந்த உழைப்பின் மணிக்கணக்குக்கு யாரும் கூலி போட்டுத் தரப்போவதில்லை. அதே போன்ற வண்டிகள் 16,000 பவுண்டுக்கு விற்றுக்கொண்டிருந்தால், 30,000 என்று எழுதிக் கேட்டாலும் நிறுவனம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அதே வண்டியை இன்னொருவரைக் கொண்டு மறுபடி கட்டச் சொன்னால் 30,000-க்கு மேல் ஆகலாம். சந்தை விலைக்கும் மறுபடி கட்டும் செலவுக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தை எந்த பாலிசியும் முழுதாக மூடுவதில்லை. இருப்பதில் நல்லது, பாகங்களின் செலவையாவது ரசீதோடு நிறுவி, அதற்குக் குறையாமல் எழுத வைப்பது. கட்டும்போதே ஒவ்வொரு சனிக்கிழமை வேலையையும் படமெடுத்து, ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் ரசீதைக் கோப்பில் சேர்த்து வைக்கிறவர் இந்தப் பேச்சில் உரத்த குரலில் பேச முடியும். வெல்டிங் மேல் பெயின்ட் அடித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. பெயின்டுக்கு முன் எடுத்த படம்தான் சாட்சி.

பாலிசியின் பொடி எழுத்தில் இன்னும் இரண்டைத் தேட வேண்டும். ஒன்று, விபத்துக்குப் பின் சிதைந்த வண்டியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை. தொழிற்சாலைக் காரின் சொந்தக்காரர் காசோலையை வாங்கிக்கொண்டு அடுத்த காரைப் பார்ப்பார். தானே கட்டியவருக்கு அந்த உருக்குலைந்த சேஸிஸும் வேண்டும். இரண்டு, தானே பழுது பார்க்கும் உரிமை. அந்த வண்டியை அவரை விட நன்றாக அறிந்த மெக்கானிக் கிடையாது என்பதை ஏற்று, பாகங்களின் செலவை மட்டும் கொடுக்கும் பாலிசிகள் உண்டு. பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்களைச் சாதாரண பாலிசி சேர்க்காது; அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் வேறொரு கண்ணி இருக்கிறது. அங்கே 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்றும் 'அறிவித்த மதிப்பு' என்றும் காதுக்கு ஒன்றுபோல் படும் இரண்டு வகை பாலிசிகள் உண்டு. முதலாவதில் எழுதிய தொகை அப்படியே கிடைக்கும். இரண்டாவதில், உரிமையாளர் அறிவித்த தொகை, அன்றைய தேய்மான மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கொடுக்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கும். 50,000 டாலர் என்று அறிவித்து அதற்கேற்ற பிரீமியமும் கட்டியவர், க்ளெய்ம் வரும்போது 32,000-தான் என்று கேட்டால் என்ன செய்வார்? கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியைப் படித்துவிடுவது அவசியம். மிச்சிகன் மாநிலத்தில் 1984-இல் மரப் படகுகளுக்குக் காப்பீடு கொடுக்கத் தொடங்கி, பிறகு பழைய கார்களுக்கு வந்த ஹேகர்ட்டி போன்ற நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட மதிப்பையே அடிப்படையாக வைத்து வளர்ந்தவை.

சொன்னதும் சொல்லாததும்

2012-இல் பிரிட்டன் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றியது. அதற்கு முன்னால், கேட்காத விவரத்தையும் தானாகச் சொல்ல வேண்டிய கடமை வாடிக்கையாளர் தலையில் இருந்தது. இப்போது கேட்ட கேள்விக்குத் தக்க கவனத்தோடு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்பதே கடமை. வேண்டுமென்றே பொய் சொன்னால் பாலிசியே செல்லாது. கவனக்குறைவாகத் தவறாகச் சொல்லியிருந்தால் கணக்கு வேறு. சரியான விவரத்துக்கு 600 பவுண்டு வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 400 மட்டும் வாங்கியிருந்தால், 9,000 பவுண்டு க்ளெய்முக்கு மூன்றில் இரண்டு பங்கான 6,000-தான் கிடைக்கும்.

கிட் காரில் இந்தச் சட்டம் அடிக்கடி கடிக்கும். ஏனென்றால் இந்த வண்டிகள் முடிவதே இல்லை. ஒரு குளிர்காலத்தில் கார்ப்யூரேட்டர் மாறும். அடுத்ததில் எஞ்சினே மாறும். சோதனைக்காக மாட்டிய ரப்பர் பட்டைகளை அழகு கெடுகிறது என்று பிற்பாடு கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் தரகருக்கு ஒரு மின்னஞ்சலில் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் விட்ட மாற்றம் விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் பானெட்டைத் திறக்கும்போது வெளிவரும். டொயோட்டா எம்.ஆர்.2 காரின் மேல் ஃபெராரி வடிவ உடலை மாட்டியவர், பாலிசியில் அதை டொயோட்டா என்று மட்டும் எழுதினாலும் தவறு, ஃபெராரி என்று எழுதினாலும் தவறு. 'டொயோட்டாவின் மேல் கட்டிய நகல்' என்று உள்ளபடி எழுத வேண்டும்.

இந்தியாவில் கதவு எங்கே?

2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இரும்புக் கொல்லர் கட்டிய குட்டி ஜீப் நாடெங்கும் பேசப்பட்டது. பழைய வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து, சுமார் 60,000 ரூபாயில் கட்டியது. பைக்கைப் போல் கிக்கரை உதைத்துக் கிளப்ப வேண்டும். இது விதிகளுக்குள் அடங்காது, அதிகாரிகள் என்றாவது நிறுத்திவிடுவார்கள் என்று சொன்ன மஹிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மஹிந்திரா, அதைப் பெற்றுக்கொண்டு தங்கள் நிறுவனத்தின் புது பொலேரோ ஒன்றைத் தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் பொலேரோ கைமாறியது. கொல்லர் கட்டிய வண்டியைச் செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ரிசர்ச் வேலியில் காட்சிக்கு வைக்கப்போவதாகவும் அறிவிக்கப்பட்டது.

எல்லோரும் மகிழ்ந்த முடிவுதான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு குறை இருக்கிறது. நன்றாகக் கட்டிய ஒரு வண்டிக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே வழி காட்சிக்கூடம்தான். அதைச் சோதித்து, குறை இருந்தால் எழுதிக் கொடுத்து, திருத்தி வரச் சொல்லி, பதிவெண் தரும் வழி நம்மிடம் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதி, வாகனம் தயாரிப்பவர் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது. ஆயிரக்கணக்கில் விற்கும் கம்பெனிக்காக எழுதிய விதி அது. ஒரே ஒரு வண்டி கட்டியவர் அந்தச் செலவைத் தாங்க முடியாது. பதிவான வண்டியை மாற்றிக் கட்டலாமா என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பதிவு இல்லை என்றால் ஆர்.சி. இல்லை, ஆர்.சி. இல்லை என்றால் இன்சூரன்ஸ் இல்லை. 146-ஆவது பிரிவு கட்டாயமாக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை, வாங்க ஆசைப்பட்டாலும் அவரால் வாங்க முடியாது. அப்படியொரு வண்டியைச் சாலையில் எடுத்து யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் கட்டியவர் தலையில் விழும். அடிபட்டவருக்கு அந்தத் தொகை கைக்கு வந்து சேருமா என்பதும் கட்டியவரின் சொத்தைப் பொறுத்தது. கதவை மூடி வைத்திருப்பதால் பாதுகாப்பு கூடிவிட்டது என்று சொல்வதற்கு இல்லை.

திறமைக்கு இங்கே பஞ்சம் கிடையாது. மாருதி எஞ்சினை வைத்து, சாமானியரும் பந்தயம் ஓட்டும்படி மலிவான ஃபார்முலா மாருதி கார்களை 1980-களின் இறுதியில் உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இன்று ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் குழாய் அறுத்து, வெல்டிங் வைத்து, தாங்களே வடிவமைத்த கார்களோடு அங்கே வருகிறார்கள். ஓட விடும் முன் ஒவ்வொரு காரையும் தொழில்நுட்பப் பரிசோதனைக்கு நிறுத்துகிறார்கள். பிரேக் பிடித்து நான்கு சக்கரமும் பூட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். தேறாத கார் தடத்தில் இறங்காது. ஒற்றை வண்டியை ஒற்றை வண்டியாகப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் இங்கேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படிச் சோதிக்க, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

தனி விதி எழுத முன்னுதாரணமும் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய பழங்கால வாகனங்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். சான்று 10 ஆண்டுக்குச் செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அந்த வண்டிகளை எடுக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். பழங்காலக் கார்களுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி போடும் வழக்கமும் இந்தியக் காப்பீட்டுத் துறைக்குப் புதிதல்ல.

இதே அச்சில் வீட்டில் கட்டிய வண்டிக்கும் ஒரு விதி எழுதலாம். ஒருவருக்கு இத்தனை ஆண்டுக்கு ஒரு வண்டி, விற்பனைக்காகக் கட்டக் கூடாது, வேக வரம்பு, வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர், ஒரகடம் போன்ற மையத்தில் நேரடிச் சோதனை, நம்பர் பிளேட்டில் தனி எழுத்து, கட்டாயத் தேர்ட் பார்ட்டி காப்பீடு. கட்டியவரின் ரசீதுகளும் படங்களும் சோதனைச் சான்றும் மேசைக்கு வந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் கணக்குப் போடத் தேவையானவை எல்லாம் வந்துவிட்டன. முதல் வரைவை எழுத வேண்டிய இடம் டெல்லியில் உள்ள சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.